கொம்பு முன்னே, எழுத்து பின்னே

எங்கள் கடையில் நான்கு கம்ப்யூட்டர்கள். ஒவ்வொரு மானிட்டரின் விளிம்பிலும் செலோடேப் போட்டு ஒரு சீட்டு ஒட்டியிருப்பேன். முதலாவதில் "தமிழ்ப் பேப்பர்: நீல இ". இரண்டாவதில் "மெயில்: நரி". மூன்றாவதில் "ரிசல்ட்: சிவப்பு ஓ". நான்காவதில் மட்டும் கொஞ்சம் நீளம்: "டிஜிட்டல் கையெழுத்து இதில் மட்டும். அப்டேட் கேட்டால் வேண்டாம் என்று கொடுக்கவும்." பாப்பாரப்பட்டி கடைவீதியில் 2003 முதல் 2017 வரை நான் பிரவுசிங் சென்டர் நடத்தினேன். அந்தப் பதினான்கு வருடமும் இந்தச் சீட்டுகளை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டேதான் இருந்தேன்.

பெங்களூரிலிருந்து லீவுக்கு வரும் பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு, "எதுல பாத்தா என்ன டீச்சர், எல்லாம் ஒண்ணுதானே" என்பார்கள். அவர்கள் ஆபீசில் ஒன்றாக இருந்திருக்கலாம். இங்கே இல்லை. எந்தக் கம்ப்யூட்டரில் எந்த பிரவுசர் என்பது எங்கள் விருப்பத்தில் முடிவானதே கிடையாது. முதலில் அதை முடிவு செய்தது ஒரு கொம்பு.

டீச்சர் என்று ஊர் கூப்பிடுவதற்குக் காரணம் உண்டு. சென்டருக்கு முன்னால் அதே இடத்தில் நான் நடத்தியது தட்டச்சுப் பயிலகம். ஆங்கிலம், தமிழ் இரண்டும். பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்தும் லோயர், ஹையர் தேர்வுக்குப் பெண்பிள்ளைகளைத் தருமபுரி பஸ்ஸில் ஏற்றிக் கூட்டிப்போவேன். தமிழ் மெஷினில் உட்காரும் பிள்ளைக்கு முதல் நாள் நான் சொல்வது ஒன்றுதான்: வாய் சொல்கிற வரிசையை மறந்துவிடு, கண் பார்க்கிற வரிசையில் அடி. 'தேன்' என்று அடிக்க வேண்டுமா? முதலில் இரட்டைக்கொம்பு, அப்புறம் த. அடுத்து புள்ளி. புள்ளி நகரா விசை, அடித்தாலும் வண்டி நகராமல் அங்கேயே நிற்கும். அதன் கீழே ன வந்து விழும். யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயா, சிங்கப்பூர்ப் பக்கம் வேலைக்குப் போன ஆர். முத்தையா இருநூற்று நாற்பத்தேழு எழுத்தையும் ஒரு சின்ன மெஷினுக்குள் அடக்கியது இந்த உபாயத்தால்தான். கொம்பையும் காலையும் புள்ளியையும் தனித்தனி விசையாக்கினார். அந்த மெஷின்களை ஜெர்மனியில் சைடல் அண்ட் நவ்மான் கம்பெனி செய்து கொடுத்தது. இந்த மனிதருக்கு நாம் பட்ட கடன் பெரிது. என் சோறு அவர் போட்டது.

கம்ப்யூட்டர் வந்தபோது தமிழ் எழுத்துருக்களும் இந்த வரிசையிலேயே வந்தன. கல்யாணப் பத்திரிகை அடிக்கிற டிடிபி கடையில் பாமினி, அரசு ஆபீசுகளில் வானவில் அவ்வையார். எல்லாவற்றிலும் கொம்பு முன்னே, எழுத்து பின்னே. மெஷினில் பழகிய கை தடுமாறவே இல்லை. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை உட்கார வைப்பதுதான் அந்த எழுத்துருக்களின் வேலை, எந்த இடத்தில் எதை வைப்பது என்பது அவரவர் இஷ்டம். பாமினியில் அடித்ததை வேறொரு எழுத்துருவில் திறந்தால் ஒரு வார்த்தை தேறாது.

இணையத்திலும் அதே கதை. 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்தபோது மும்பை, தில்லி, கொல்கத்தா, சென்னை என்று பெருநகரங்களுக்குத்தான் கிடைத்தது. அதே வருடம் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழ்க் கவிதைகளை வலையில் ஏற்றிக் காட்டினார். 1998 பொங்கலுக்கு, தமிழ் நூல்களை மின்னூலாக்கும் மதுரைத் திட்டம் தொடங்கியது. வெளிநாட்டுத் தமிழர்கள் தங்களுக்குள் பேசித் திஸ்கி என்ற பொதுக் குறியீட்டை உண்டாக்கினார்கள். 1999-இல் சென்னையில் தமிழ்நெட் மாநாடு கூடி, டாம், டாப் என்ற குறியீடுகளும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. இத்தனைக்கும் பிறகும் ஒவ்வொரு பத்திரிகையும் தன் எழுத்துருவைத் தானே வைத்துக்கொண்டது. படிக்கிறவர் முதலில் அந்த எழுத்துருவை இறக்கிக் கணினியில் போட வேண்டும். நாலு பத்திரிகை படித்தால் நாலு எழுத்துரு.

இந்தத் தொல்லையைத் தீர்க்கத்தான் பக்கத்தோடு எழுத்துருவும் கூடவே இறங்கும் ஏற்பாடு வந்தது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கு ஒரு வகைக் கோப்பு, நெட்ஸ்கேப்புக்கு வேறொரு வகை. தமிழ்த் தளம் நடத்துகிறவர் இரண்டையும் செய்து வைக்க வேண்டும். நெட்ஸ்கேப் தன் ஆறாம் பதிப்பில் அந்த வசதியைக் கைவிட்டது. மிச்சம் எக்ஸ்ப்ளோரர் ஒன்றுதான். முதல் மானிட்டரில் "தமிழ்ப் பேப்பர்: நீல இ" என்று நான் எழுதி ஒட்டியது அதனால்தான்.

2003-இல் பயிலகத்தின் ஒரு பாதியைத் தட்டி வைத்துத் தடுத்து சென்டர் ஆக்கினேன். விண்டோஸ் 98 ஒன்று, எக்ஸ்பி இரண்டு. நான்காவது பிறகு வந்தது. டெலிபோன் லைனில் டயல்அப், அந்தக் கீச்சுச் சத்தம் தெருவரைக்கும் கேட்கும். யாரும் பிரவுசர் என்று சொல்லவில்லை. "அந்த நீல இ-யைத் தட்டுங்க, இன்டர்நெட் வரும்" என்பதுதான் பாடம். அப்போது உலகத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அந்த நீல இ-யைத்தான் தட்டிக்கொண்டிருந்தார்கள். விண்டோஸோடு சேர்ந்தே வந்ததால் வேறொன்று இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவே ஆளில்லை. அந்தச் சேர்க்கை பற்றி அமெரிக்க அரசு மைக்ரோசாப்ட் மீது 1998-இல் வழக்கே போட்டது. அதே வருடம், தோற்றுக்கொண்டிருந்த நெட்ஸ்கேப் தன் நிரலை ஊருக்கே திறந்து கொடுத்துவிட்டது. அதிலிருந்து மொசில்லாவும், 2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸும் பிறந்தன.

அந்தத் திறப்பு எங்களுக்கு என்ன செய்தது என்பதை நான் பின்னால்தான் புரிந்துகொண்டேன். நிரல் திறந்து கிடந்ததால் தமிழ்ப் பிள்ளைகள் உள்ளே போக முடிந்தது. முகுந்தராஜும் அவருடைய தமிழா! குழு நண்பர்களும் சம்பளம் வாங்காமல் மொசில்லாவின் பட்டிகளைத் தமிழாக்கினார்கள். எ-கலப்பை என்று தட்டச்சு மென்பொருள் கொடுத்தார்கள். ஃபயர்ஃபாக்ஸுக்குள்ளேயே தமிழில் தட்டத் 'தமிழ்விசை' என்ற நீட்சி வந்தது. வலைப்பதிவு எழுதியவர்கள் ஃபயர்ஃபாக்ஸை நெருப்பு நரி என்று கூப்பிட்டார்கள். ஃபயர்ஃபாக்ஸ் என்பது உண்மையில் இமயமலைப் பக்கம் வாழும் சிவப்புப் பாண்டாவின் பெயர். ஆனால் நரி என்ற பேர் நிலைத்துவிட்டது, என் சீட்டிலும் நரிதான்.

இனி கொம்பு.

எங்கள் ஊருக்குப் பாடப்புத்தகத்தில் இடம் வாங்கிக் கொடுத்தவர் விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா. பாரத மாதாவுக்கு இங்கே கோயில் எழுப்ப நினைத்தார். 1923-இல் சித்தரஞ்சன் தாஸ் வந்து அடிக்கல் நாட்டினார். கோயில் எழும்பும் முன்பே, 1925 ஜூலை 23 அன்று சிவா இங்கேயே கண்ணை மூடினார். ஜூலை வந்தால் பள்ளிப் பிள்ளைகள் அவரைப் பற்றி எழுதிவரச் சொன்னார்கள் என்று கடைக்கு வருவார்கள். 2006 என்று நினைவு. எட்டாவது படிக்கிற பெண் ஒருத்தி இரண்டாவது கம்ப்யூட்டரில் உட்கார்ந்து தேடி, ஒரு பக்கத்தைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு வந்தாள். முகம் வாடியிருந்தது.

"டீச்சர், எழுத்தெல்லாம் பிஞ்சி பிஞ்சி வருது."

வாங்கிப் பார்த்தேன். 'மேடை' என்ற சொல்லில் ம முதலில் நின்றது, இரட்டைக்கொம்பு அதற்குப் பின்னால். சிறையில் சிவாவைப் பிடித்த நோய், அந்த நோயைக் காட்டி வெள்ளைக்கார அரசு அவரை ரயிலில் ஏறவிடாமல் செய்தது, மனிதர் ஊர் ஊராக நடந்தே போய்ப் பேசியது, எல்லாம் அந்தத் தாளில் இருந்தது. 'தொழுநோய்' என்ற ஒரு சொல்லை மட்டும் படிக்கவே முடியவில்லை. த ஒரு பக்கம், கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம். ந-வுக்கும் அதே கதி. அதே பக்கத்தைப் பக்கத்து எக்ஸ்பி-யில் நீல இ-யில் திறந்தால் சுத்தமாக இருந்தது. ஒரே பக்கம், ஒரே விண்டோஸ், பிரவுசர் மட்டும் வேறு.

அன்று ராத்திரி கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். தெரிந்தவர்களிடம் போனில் கேட்டேன். கொஞ்சம் கொஞ்சமாக விளங்கியது. அந்தப் பக்கம் யுனிகோடில் இருந்தது. யுனிகோடு 1991-இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கியிருந்தது. இந்திய அரசின் இஸ்கி குறியீட்டைப் பார்த்துச் செய்த இடம் அது. அதில் எழுத்து கண் பார்க்கிற வரிசையில் இல்லை, வாய் சொல்கிற வரிசையில் இருந்தது. முதலில் ம, பின்னால் இரட்டைக்கொம்பு. கணினி அப்படித்தான் நினைவில் வைத்திருக்கும். திரையில் காட்டும்போது கொம்பைத் தூக்கி முன்னால் வைக்க ஒரு ஆள் வேண்டும். விண்டோஸில் அந்த ஆளின் பெயர் யுனிஸ்க்ரைப். லதா எழுத்துருவோடு விண்டோஸ் 2000-இல்தான் தமிழுக்கு முறையாக அந்த வசதி வந்தது. எக்ஸ்ப்ளோரர் அவனைத் தானாகவே கூப்பிட்டுக்கொள்ளும். அன்றைய ஃபயர்ஃபாக்ஸ், விண்டோஸ் அனுமதித்திருந்தால்தான் கூப்பிடும். எக்ஸ்பி-யில் அந்த அனுமதியை நாமாகப் போய்க் கொடுக்க வேண்டும்: கன்ட்ரோல் பேனல், மொழி அமைப்பு, அதற்குள்ளே 'சிக்கலான எழுத்துகளும் வலமிருந்து இடம் எழுதும் மொழிகளும்' என்ற பெட்டியில் ஒரு டிக். போட்டவுடன் விண்டோஸ் சிடியைக் கேட்கும். சிடி போட்டு, மெஷினை அணைத்து எழுப்ப வேண்டும். ஒரு கம்ப்யூட்டரில் அதைச் செய்திருந்தேன், மற்றதில் விட்டிருந்தேன். பிழை என்னுடையது.

சிக்கலான எழுத்து. பத்தாவது ஃபெயிலான பெண்ணுக்கு மூன்று மாதத்தில் நான் கற்றுக்கொடுத்த எழுத்தை ஒரு மென்பொருள் அப்படி வகைப்படுத்தியிருந்தது எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது. முத்தையா கையில் விட்டுவைத்த வேலையை யுனிகோடு கணினியின் தலையில் போட்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்ட பிறகுதான் ஆறியது. தேடுவதற்கும் அகரவரிசைப்படுத்துவதற்கும் வாய் சொல்கிற வரிசைதான் நல்லது. இரண்டு வரிசையும் தமிழ்தான்.

டிக் போட்ட பிறகும் ஒரு குறை இருந்தது. பக்கத்தை இரண்டு ஓரமும் நேராக வரும்படி அமைத்திருந்தால் ஃபயர்ஃபாக்ஸில் தமிழ் மறுபடி சிதறும். வலைப்பதிவர்கள் ஒருவரையொருவர் "தயவுசெய்து இடது ஓரம் மட்டும் நேராக வையுங்கள்" என்று கேட்டுக்கொண்ட காலம் அது. 2008 ஜூன் 17 அன்று மூன்றாம் பதிப்பு வந்தது. ஒரே நாளில் 80 லட்சம் பேர் அதை இறக்கினார்கள், கின்னஸில் ஏறியது. அதற்குள் எங்கள் எக்ஸ்சேஞ்சுக்கு பிராட்பேண்ட் வந்திருந்ததால் அந்தக் கணக்கில் என் கடையும் இருக்க வேண்டும். முதல் வேலையாகச் சிவாவின் பக்கத்தைத் திறந்தேன். தொழுநோய் என்ற சொல் முழுசாக இருந்தது. இரண்டாவது மானிட்டர் சீட்டைக் கிழித்துவிட்டு "தமிழ், மெயில்: நரி" என்று எழுதினேன்.

மூன்றாவது சீட்டின் கதை சுருக்கமானது. பிளஸ் டூ ரிசல்ட் அன்று காலையில் கடைவாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. அரசின் ரிசல்ட் தளத்தை மாநிலமே ஒரே நிமிடத்தில் தட்டும். படம் இறங்காமல் எழுத்து மட்டும் இறங்கினால் சீக்கிரம் வரும். ஓபராவில் ஒரு பொத்தானைத் தட்டினால் படங்கள் நின்றுவிடும். 2005 செப்டம்பரில் விளம்பரம் இல்லாமல் இலவசமாகக் கிடைக்கத் தொடங்கியதும் அதை வைத்தேன். பதிவெண் சொன்னதும் அடிப்பேன், மார்க் வந்ததும் சத்தமாகப் படிக்க மாட்டேன். பிரின்ட் எடுத்து மடித்துக் கையில் கொடுப்பேன். ஃபெயிலான பிள்ளையிடம் காசு வாங்கியதில்லை.

சென்டர்களுக்கு அப்போது நல்ல பேர் இல்லை. மறைவுத் தட்டிகள் காரணம். என் கடையில் கம்ப்யூட்டர்களுக்கு இடையில் தட்டி வைக்கவே இல்லை, அதனால்தான் பெண்பிள்ளைகளை அனுப்பினார்கள். 2011 ஏப்ரலில் மத்திய அரசின் விதிகள் வந்தன: தட்டி நாலரை அடிக்கு மேல் கூடாது, வருகிறவரின் அடையாளச் சான்று பார்க்க வேண்டும், பார்த்த தளங்களின் பதிவை ஒரு வருடம் வைத்திருக்க வேண்டும். பதிவை வைத்துக்கொண்டேன். ஆனால் பாஸ்வேர்டுகள் வேறு விஷயம். "நினைவில் வைத்துக்கொள்ளவா?" என்று பிரவுசர் ஆங்கிலத்தில் கேட்கும், புரியாமல் எல்லோரும் ஆமாம் கொடுத்துவிட்டுப் போவார்கள். ஓசூரில் வேலை பார்க்கும் மகனுக்கு மெயில் அனுப்ப வந்த அம்மாவின் கணக்கு அடுத்து உட்காருகிறவனுக்குத் திறந்து கிடக்கும். தினமும் சாத்தும் நேரத்தில் நாலு கம்ப்யூட்டரிலும் போய் அவற்றைத் துடைப்பேன். மூன்று பிரவுசருக்கும் மூன்று வழி, மூன்றும் கைக்கு மனப்பாடம்.

அதே வருடம் செப்டம்பர் 15 அன்று விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய போஸ் லினக்ஸும் அதில் இருந்தது. பிள்ளைகள் பையோடு வந்து, போஸைத் திறந்து காட்டி, "டீச்சர், இதுல நீல இ காணோம்" என்றார்கள். காணோம்தான். நரி இருந்தது. எந்தப் பெட்டியிலும் டிக் போடாமல் தமிழ் அதில் சரியாக வந்தது. போஸை அழித்துத் தரச் சொல்லிப் பலர் கேட்டார்கள். நான் அழித்துக் கொடுக்கவில்லை. அரசு காசில் பிள்ளை கைக்கு வந்த, தமிழ் உடையாத கம்ப்யூட்டர் அது. எப்படி மனசு வரும்?

கொம்புப் பிரச்சினை இப்படித் தீரத் தீர, பிரவுசரைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் விண்ணப்பப் படிவங்களின் கைக்குப் போனது. தளத்தின் அடியில் இன்ன பிரவுசர், இன்ன பதிப்பு, இன்ன திரை அளவு என்று எழுதியிருக்கும். வேறெதில் திறந்தாலும் பொத்தான் வேலை செய்யாது. ஒப்பந்தப்புள்ளி போடுகிறவர்களின் டிஜிட்டல் கையெழுத்து ஜாவா நீட்சியில் ஓடியது. 2015 செப்டம்பரில் குரோம் 45-ஆம் பதிப்பு அந்த வகை நீட்சிகளை ஒட்டுமொத்தமாக எடுத்துவிட்டது. ஃபயர்ஃபாக்ஸ் 2017 மார்ச்சில் எடுத்தது. பாதுகாப்புக்காகச் செய்தது, சரிதான். ஆனால் படிவங்கள் அதே வேகத்தில் மாறவில்லை. பக்கத்து ஊர்க் கான்ட்ராக்டர் ஒருவர் கடைசி நாள் மதியம் வந்தார். மூன்று மணிக்குக் கெடு. முந்தின ராத்திரி பிரவுசர் தானே புதுப்பித்துக்கொண்டிருந்தது, கையெழுத்துப் பெட்டி சாம்பல் நிறத்தில் செத்துக் கிடந்தது. பழைய பதிப்பைத் தேடி இறக்கி, ஜாவாவைச் சரிசெய்து நிமிர்ந்தபோது மணி மூன்று பத்து. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "பரவால்லைங்க டீச்சர்" என்று எழுந்து போனார். அன்றைக்கு எழுதியதுதான் நான்காவது சீட்டு.

ஐரோப்பாவில் 2010 மார்ச் முதல் விண்டோஸ் தானே ஒரு திரையைக் காட்டிப் பன்னிரண்டு பிரவுசரில் எது வேண்டும் என்று கேட்டது. எங்களை யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்டிருந்தாலும் ஒன்றைச் சொல்லியிருக்க முடியாது. குரோமையும் சேர்த்து எங்களுக்கு நாலும் தேவைப்பட்டது.

செல்போனில் தமிழ் வந்த கதையும் கொம்பின் கதைதான். சின்ன நோக்கியாக்களில் தமிழ்ப் பக்கம் திறந்தால் வெறும் கட்டம் கட்டமாக வரும். ஓபரா மினியில் முகவரி எழுதும் இடத்தில் 'ஓபரா:கான்ஃபிக்' என்று அடித்தால் ஒரு ரகசியப் பக்கம் திறக்கும். அதில் சிக்கலான எழுத்துகளுக்குப் படமாக எழுத்துருவைப் பயன்படுத்தவா என்ற கேள்விக்கு ஆமாம் கொடுத்தால், எங்கேயோ இருக்கும் அவர்கள் சர்வர் தமிழைப் படமாக்கி அனுப்பிவிடும். அதைச் செய்து கொடுக்கச் சொல்லிச் செங்கல் சூளைக்காரர்கள், பஸ் கண்டக்டர்கள் எல்லாம் வந்தார்கள். பைசா வாங்காமல் செய்து கொடுத்தேன். 2016 செப்டம்பர் 5-இல் ஜியோ வந்தது. அடுத்த ஆறு மாதத்தில் நாற்காலிகள் காலியாயின. பிள்ளைகள் போனில் யூசி பிரவுசர் இருந்தது. 2020 ஜூன் 29 அன்று அரசு தடை செய்த 59 செயலிகளில் அதுவும் போனது. மிச்சமிருப்பது போனோடு ஒட்டி வருகிற குரோம்தான். ஆண்ட்ராய்டில் கூகுள் தன் செயலிகளைக் கட்டாயமாக ஒட்டித் தருகிறது என்று 2022 அக்டோபரில் போட்டி ஆணையம் 1,337 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. அதே வருடம் ஜூன் 15 அன்று நீல இ-க்கு மைக்ரோசாப்ட் ஓய்வு கொடுத்தது. நான் அந்தச் செய்தியை இரண்டு தடவை படித்தேன்.

2023 மே மாதம் ஜோஹோ ஒரு பிரவுசர் வெளியிட்டது. பெயர் உலா. குரோமுக்கு அடித்தளமான குரோமியத்தின் மீதே கட்டியது. ஆனாலும் அந்தப் பெயரைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கியது. அரசன் வீதி உலா வர, பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்துப் பெண்கள் நின்று பார்ப்பதைப் பாடுகிற நூல் வகைக்கு அந்தப் பெயர். என் கடையிலும் எட்டாவது படிக்கிற பெண்ணிலிருந்து பேரன் போட்டோ பார்க்க வந்த பாட்டி வரை எல்லாப் பருவமும் வந்து ஜன்னலைப் பார்த்திருக்கிறது.

இப்போது என்னிடம் ஒரே கம்ப்யூட்டர். பட்டா, சிட்டா, வில்லங்கச் சான்று, வேலைவாய்ப்புப் பதிவு, கல்லூரி விண்ணப்பம். உலாவை இறக்கி வைத்திருக்கிறேன், நரியும் இருக்கிறது, குரோமும் இருக்கிறது. எதில் திறந்தாலும் தமிழ் உடையவில்லை. மனு எழுதித் தரச் சொல்லி யாராவது வந்தால் என்எச்எம் ரைட்டரில் பழைய தட்டச்சு அமைப்பைப் போட்டுக்கொள்வேன். கொம்பை முதலில்தான் அடிக்கிறேன், புள்ளியை அடித்துவிட்டுத்தான் ன அடிக்கிறேன். கொம்பு அடித்த கையோடு எழுத்துக்குப் பின்னால் போய் நினைவில் உட்கார்ந்துகொள்கிறது. திரையில் மறுபடி முன்னால் வந்து நிற்கிறது.